எட்டு ஸ்டெப் சீக்வென்சர்ல மாறிக்கிட்டே இருக்கிற பேட்டர்ன் பண்றது எப்படி

எட்டு நாப் இருக்கிற ஒரு அனலாக் சீக்வென்சரை (ஒவ்வொரு நாப்ல வச்ச வோல்டேஜையும் வரிசையா அனுப்பி சிந்தசைசரை நோட்டு வாசிக்க வைக்கிற மாட்யூல்) மாட்டி க்ளாக், அதாவது ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு ஸ்டெப் நகர்த்துற சிக்னல், குடுத்தா முதல் அஞ்சு நிமிஷம் சூப்பரா இருக்கும், ஆறாவது நிமிஷம் அதே எட்டு நோட்டு மண்டைக்குள்ள சுத்த ஆரம்பிச்சிடும். அப்ப நிறைய பேர் பண்றது என்னன்னா ஒரு ரேண்டம் மாட்யூலை எடுத்து நேரா பிட்ச்ல சொருகிடுறது. மாறுது, மாறலைன்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டு நிமிஷம் கேட்டா அதுவும் சலிச்சிடும், ஏன்னா எல்லாமே ஒவ்வொரு தடவையும் மாறினா எது மாறிச்சுன்னே காதுக்குப் பிடிபடாது. முதல்ல ஒரு பேட்டர்ன் காதுல பதியணும், பதிஞ்சதுக்கு அப்புறம் அதுல ஒரு மூலை மட்டும் நகரணும், அது பழகினதும் இன்னொரு மூலை. கீழ சொல்ற பேட்ச் (மாட்யூல்களைக் கேபிளால இணைக்கிற விதம்) எல்லாமே இதை வெவ்வேற வழில பண்றது தான்.

வேணும்கிறது அப்படி ஒண்ணும் நிறைய இல்ல. ரீசெட் (முதல் ஸ்டெப்புக்குத் திருப்புற) இன்புட் இருக்கிற ஒரு எட்டு ஸ்டெப் சீக்வென்சர், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனி கேட் (அந்த ஸ்டெப் ஓடும்போது வர்ற ஆன்-ஆஃப் சிக்னல்) அவுட்புட் இருந்தா ரொம்ப நல்லது. இன்னொரு சின்ன சீக்வென்சர், நாலு ஸ்டெப் இருந்தாலும் போதும். ஒரு க்ளாக் டிவைடர் (இத்தனை க்ளாக்குக்கு ஒரு பல்ஸ்னு மெதுவாக்குறது), ஒரு குவாண்டைசர் (வோல்டேஜை ஸ்கேல்ல இருக்கிற பக்கத்து நோட்டுக்கு இழுத்து வைக்கிறது), வோல்டேஜ் கூட்டுற ஆடர் ஒண்ணு, அப்புறம் அட்டென்யூவேட்டர் (வோல்டேஜைக் குறைக்கிறது) எத்தனை கிடைக்குதோ அத்தனையும். புதுசா வர்றவங்க அட்டென்யூவேட்டர்ல காசு போட யோசிப்பாங்க, சத்தமே போடாத மாட்யூலுக்கு எதுக்கு செலவுன்னு. இந்த வேலைக்கு அது இல்லாம முடியாது, ஏன்னு கீழ வரும். ஹார்டுவேர் இல்லையா, விசிவி ராக்னு கம்ப்யூட்டர்ல ஓடுற மாட்யூலர் சிந்த் சாஃப்ட்வேரை இறக்கிக்கங்க, ஃப்ரீ தான், கூடவே வர்ற சீக்-3 மாட்யூல்ல மூணு வரிசை எட்டு ஸ்டெப் இருக்கு, இங்க சொல்றதுல முக்காவாசி அதுலயே பண்ணிப் பாத்துடலாம்.

முதல்ல அசையாத ஒரு பேட்டர்ன்

எடுத்த எடுப்புல எதையும் மாத்தாதீங்க. விசிஓ (சத்தத்தை உண்டாக்குற ஆஸிலேட்டர்) சூடாக ஒரு இருபது முப்பது நிமிஷம் ஆன் பண்ணி விட்டுட்டு, பிட்ச் வரிசையை ட்யூன் பண்ணுங்க. இங்க எல்லாரும் திணறுற இடம் ஒண்ணு இருக்கு. நாப் 0ல இருந்து 5 வோல்ட் வரைக்கும் போகுதுன்னு வச்சுக்கங்க, ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ்ங்கிற கணக்குல அது அஞ்சு ஆக்டேவ், அதாவது 60 செமிடோன். நாப் மொத்தமா சுத்துறதே சுமார் 300 டிகிரி தான். அப்ப ஒரு செமிடோனுக்கு வெறும் 5 டிகிரி, கை லேசா பட்டாலே நோட்டு தாண்டிடும். அதனால ரேஞ்ச் ஸ்விட்ச் இருந்தா சின்ன ரேஞ்சுக்கு வைங்க, இல்லேன்னா வரிசையோட அவுட்புட்டை அட்டென்யூவேட்டர் வழியா ஒண்ணரை ரெண்டு வோல்ட்டுக்கு இறக்கிட்டு அப்புறமா குவாண்டைசருக்கு அனுப்புங்க. ஒரு நோட்டுக்கு நாப்ல 12 டிகிரிக்கு மேல இடம் கிடைச்சிடும், நிம்மதியா திருப்பலாம்.

எட்டு ஸ்டெப்புக்கும் எட்டு வேற நோட்டு வைக்காதீங்க. நாலு, மிஞ்சிப்போனா அஞ்சு நோட்டு போதும், மூல நோட்டு ரெண்டு இடத்துல வரட்டும், ஒரு ஸ்டெப் சும்மா கிடக்கட்டும். ஆரம்பத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டா அப்புறம் புதுசா வர்றதுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. இது ஓடட்டும், கொஞ்ச நேரம் வேற வேலை பாருங்க, தானா வாய்ல முணுமுணுக்க ஆரம்பிச்சீங்கன்னா பேட்டர்ன் ரெடி.

நீளத்தை மாத்துறது

முதல் ஆயுதம் இது தான், எனக்குப் பிடிச்சதும் இது தான், ஏன்னா ரேண்டமே கிடையாது, எல்லாம் கணக்கு. பிட்ச் 8 ஸ்டெப், எந்த நோட்டு ஒலிக்கணும்னு சொல்ற கேட் வரிசை 7 ஸ்டெப், ரெண்டுக்கும் ஒரே க்ளாக். ரெண்டும் சேந்து கிளம்பும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஸ்டெப் விலகிக்கிட்டே போகும், 56 ஸ்டெப் கழிச்சு தான் மறுபடி சமத்துல சந்திக்கும். 120 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 120 பீட்) பதினாறாம் நோட்டா ஓட்டினா விநாடிக்கு 8 ஸ்டெப், அப்ப 56 ஸ்டெப் 7 விநாடி. ஃபில்டருக்கு 5 ஸ்டெப் வரிசை ஒண்ணு சேத்தா 280 ஸ்டெப், 35 விநாடி. இதோட ஒரு நாலு ஸ்டெப் சீக்வென்சர் ஒவ்வொரு ஸ்டெப்லயும் 32 க்ளாக் நின்னு மொத்த பிட்ச்சையும் தூக்கி இறக்குதுன்னா, கணக்கு 4480 ஸ்டெப்புக்குப் போயிடும், 9 நிமிஷம் 20 விநாடி. இருக்கிறது மொத்தமே இருபத்தி நாலு நாப்!

நம்பர் எடுக்கும்போது பொது வகுத்தி இல்லாத ஜோடியா பாருங்க. 8ம் 4ம் வச்சா பிரயோஜனமே இல்ல, எட்டுல முடிஞ்சிடும். 8ம் 6ம் 24ல முடியும், 6ம் 9ம் 18லயே முடியும். 8 கூட 5, 7, 9 எல்லாம் நல்லா போகும்.

ஒரு விஷயம் மட்டும். 4480ங்கிற நம்பரைப் பாத்து மயங்கிட வேண்டாம். காதுக்கு எல்.சி.எம் எல்லாம் தெரியாது, ரெண்டு மூணு சுத்துக்குள்ள நடக்கிறது தான் அதுக்குக் கேக்கும். மூணு நாலு வரிசையும் ஒண்ணுக்கொண்ணு விலகிக்கிட்டே இருந்தா சீக்கிரம் கூழாயிடும், எது முதல் ஸ்டெப்னே தெரியாம போயிடும். அதனால ஏதாவது ஒண்ணு, ஒரு பேஸ் நோட்டோ கிக்கோ, பிட்ச் வரிசையோட முதல் ஸ்டெப் கேட்ல இருந்து எடுத்து அசையாம அடிக்க விடுங்க. அது இருந்தா மத்தது எவ்வளவு விலகினாலும் கேக்கிறவங்களுக்குப் பிடிமானம் இருக்கும்.

ரீசெட் பஞ்சாயத்து

எட்டு ஸ்டெப் மெஷினை அஞ்சு ஸ்டெப்பா ஆக்கணும்னா ஆறாவது ஸ்டெப்போட கேட்டை எடுத்து ரீசெட்ல சொருகணும். ஆறாவது லைட் எரியுற அந்த நொடியே ஒண்ணுக்குத் திரும்பிடும், கண்ணுக்கு ஆறாவது எரிஞ்சதே தெரியாது. 4017 கவுன்ட்டர் சிப் வச்சு கட்டின டிஐஒய் சீக்வென்சர் எல்லாம் இப்படித்தான் வேலை செய்யும், அந்த சிப்புக்கு பத்து அவுட்புட், எங்க வெட்டணுமோ அதுக்கு அடுத்த அவுட்புட்டை ரீசெட் காலுக்கு இழுத்து விட்டா முடிஞ்சது. ஆனா எல்லா மெஷினும் ரீசெட் வந்த உடனே குதிக்காது, சிலது "சரி, அடுத்த க்ளாக் வரும்போது ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்"னு காத்திருக்கும். அந்த ரகத்துல ஆறுக்குப் பதிலா அஞ்சாவது ஸ்டெப் கேட்டை எடுக்கணும், இல்லேன்னா ஆறு ஸ்டெப் ஓடும், நீங்க கேபிளை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

இதே வித்தியாசம் இன்னொரு இடத்துலயும் கழுத்தறுக்கும். டிவைடர்ல இருந்து ரீசெட் எடுக்கிறப்ப ரீசெட்டும் க்ளாக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்து சேரும். உடனே குதிக்கிற மெஷின்ல ரீசெட் ஒரு மயிரிழை முன்னாடி வந்துட்டா, ஒண்ணுக்குப் போயி, பின்னாடியே வர்ற க்ளாக் ரெண்டுக்குத் தள்ளிடும், முதல் நோட்டு காணாம போயிடும். அப்ப ரீசெட்டை ட்ரிக்கர் (சின்ன பல்ஸ்) டிலே வழியா ரெண்டு மூணு மில்லிசெகண்ட் தாமதப்படுத்துங்க. காத்திருக்கிற ரகத்துக்கு இதுக்கு நேர் எதிர், ரீசெட் முதல்ல வரணும், அதனால க்ளாக்கைத் தான் தாமதப்படுத்தணும். விசிவி ராக்ல இந்தத் தொல்லைக்காகவே ரீசெட் வந்தப்புறம் 1 மில்லிசெகண்ட்டுக்கு க்ளாக்கை கண்டுக்காதேன்னு மாட்யூல் எழுதுறவங்களுக்கு விதியே வச்சிருக்காங்க.

சரி, நீளம் வெட்டுறது கைக்கு வந்துட்டா அடுத்து அந்த நீளத்தையே மாத்தலாம். நாலு இன்புட் ஒரு அவுட்புட் இருக்கிற சீக்வென்ஷியல் ஸ்விட்ச் எடுங்க, பல்ஸ் வர்றப்பல்லாம் அடுத்த இன்புட்டை அவுட்புட்டோட இணைக்கிறது அது. அவுட்புட் ரீசெட்டுக்கு. நாலாவது இன்புட்ல மட்டும் ஆறாவது ஸ்டெப் கேட், மத்த மூணு இன்புட்டும் காலி. ஸ்விட்ச் அடுத்ததுக்கு நகர முதல் ஸ்டெப்போட கேட்டைக் குடுங்க. என்ன நடக்கும்னா மூணு சுத்து முழுசா எட்டு எட்டா ஓடும், ஏன்னா ரீசெட்டுக்கு எதுவுமே போகல, நாலாவது சுத்துல மட்டும் அஞ்சோட வெட்டி திரும்பிடும். மொத்தம் 29 ஸ்டெப். மூணு தடவை கேட்டு பழகிட்டு நாலாவதும் அப்படித்தான்னு நினைக்கிறப்ப தடுக்கி விழும் பாருங்க, அது கேக்க அவ்வளவு நல்லா இருக்கும். 29 பகா எண் வேற, பக்கத்துல எட்டு ஸ்டெப் வரிசை ஏதாவது ஓடினா ரெண்டும் சேர 232 ஸ்டெப் ஆகும்.

தூக்குறதும் இறக்குறதும்

ரெண்டாவது சீக்வென்சரை மெதுவா ஓட்டி (டிவைடர்ல 16 இல்லேன்னா 32) அதோட வோல்டேஜை முதல் சீக்வென்சர் வோல்டேஜோட கூட்டுறது பழைய டெக்னிக், இன்னிக்கும் இதை அடிச்சுக்க ஆளில்ல. கேள்வி, குவாண்டைசருக்கு முன்னாடி கூட்டுறதா பின்னாடி கூட்டுறதா. சி மேஜர் ஸ்கேல்ல சி, இ, ஜி, ஏன்னு நாலு நோட்டு இருக்கு, ரெண்டு செமிடோன் ஏத்துறீங்க, அதாவது 0.167 வோல்ட். பின்னாடி கூட்டினா டி, எஃப் ஷார்ப், ஏ, பி. உருவம் அச்சு அசலா அப்படியே இருக்கும், ஸ்கேலை விட்டு வெளிய போயிடும். முன்னாடி கூட்டினா எஃப் ஷார்ப்புக்கு ஸ்கேல்ல இடம் கிடையாது, நாப் எந்தப் பக்கம் லேசா சாஞ்சிருக்கோ அதைப் பொறுத்து எஃப்லயோ ஜிலயோ போய் உக்காரும். ஸ்கேல் அப்படியே இருக்கும், உருவம் கொஞ்சம் நெளியும்.

என்னைக் கேட்டா முன்னாடி கூட்டுறது தான் இந்த வேலைக்கு சரி, அந்த நெளிவு தான் நமக்கு வேணும். பின்னாடி கூட்டுறது ஒரு பாட்டுல கார்டு மாறுற மாதிரி தெளிவா "இப்ப இங்க வந்துட்டோம்"னு சொல்லணும்னா. இன்னொரு நடைமுறை லாபமும் இருக்கு. பின்னாடி கூட்டுறதுக்கு பிரெசிஷன் ஆடர் கட்டாயம், சாதா மிக்சர்ல ஒரு சதவீதம் கெயின் தப்பா இருந்தாலே ஒரு ஆக்டேவுக்கு 10 மில்லிவோல்ட், அது 12 சென்ட், காதுல உறுத்தும். முன்னாடி கூட்டினா அந்தப் பிசிறை எல்லாம் குவாண்டைசர் பெரும்பாலும் துடைச்சு எறிஞ்சிடும், கையில இருக்கிற எந்த மிக்சரும் போதும். பிட்ச் வோல்டேஜை சாதா மல்ட்ல ரெண்டு மூணு விசிஓவுக்கு பிரிக்கிறீங்கன்னா வோல்டேஜ் லேசா இறங்கலாம், அங்க பஃபர்டு மல்ட் போடுங்க.

குவாண்டைசர் விளிம்புல விளையாடுறது

இப்ப சொல்லப் போறது தான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நிதானமா படிங்க. குவாண்டைசர் வர்ற வோல்டேஜை பக்கத்துல இருக்கிற நோட்டுக்கு இழுத்து வைக்குது இல்லையா, அப்ப ரெண்டு நோட்டுக்கு நடுவுல எங்கயோ ஒரு எல்லைக்கோடு இருக்கணும். சிக்கு 0 வோல்ட்னு வச்சுக்கிட்டா இ 0.333, எஃப் 0.417, நடுவுல 0.375 தான் கோடு. உங்க மூணாவது ஸ்டெப் நாப் 0.36ல இருக்கு, அது இ தான் பாடும். 0.34ல இருந்தாலும் இ தான். காதுக்கு ரெண்டும் ஒண்ணு, ஆனா 0.36ல இருக்கிறது எல்லைக்கு 15 மில்லிவோல்ட் பக்கத்துல நிக்குது, 0.34 இன்னும் தூரத்துல நிக்குது.

இப்ப ஒரு ரொம்ப மெதுவான எல்எஃப்ஓ (ஏறி இறங்குற வோல்டேஜைத் திரும்பத் திரும்ப அனுப்புற ஆஸிலேட்டர்), ஒரு சுத்துக்கு ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் ஆகிற மாதிரி, அதை 0ல இருந்து 80 மில்லிவோல்ட்டுக்குள்ள அடக்கி பிட்ச் வரிசையோட கூட்டி குவாண்டைசருக்கு அனுப்புங்க. எல்எஃப்ஓ மெல்ல ஏற ஏற, எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஸ்டெப் முதல்ல தாண்டும். அந்த ஒரு நோட்டு மட்டும் மாறும், மத்த ஏழும் அப்படியே. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. உச்சிக்குப் போயி இறங்கும்போது அதே நோட்டெல்லாம் கடைசியா போனது முதல்ல, முதல்ல போனது கடைசியான்னு ஒண்ணொண்ணா வீட்டுக்குத் திரும்பும். அடுத்த சுத்துலயும் இதே கதை தான். எந்த நோட்டு எப்ப மாறணும்ங்கிறது உங்க கைல இருக்கு, நாப்பை அந்த நோட்டோட எல்லைக்குள்ளயே மேல கீழ தள்ளி வச்சா போதும், உடனே கேக்கிற சத்தத்துல எந்த வித்தியாசமும் இருக்காது, அது எப்ப தாண்டும்ங்கிறது மட்டும் மாறும். ஒரு நோட்டு மாறவே கூடாதா, நாப்பைக் கீழ் எல்லைக்கு ஒட்டி வைங்க. மூல நோட்டுக்கு நான் எப்பவும் இதைப் பண்ணுவேன்.

சின்ன சிக்கல் ரெண்டு. யூரோராக்ல (பரவலா இருக்கிற மாட்யூலர் சிந்த் வடிவம்) எல்எஃப்ஓ சாதாரணமா 10 வோல்ட் அளவுக்கு ஆடும், அதை 80 மில்லிவோல்ட்டுக்கு இறக்கணும்னா நூத்துல ஒரு பங்குக்கும் கம்மி. ஒரே அட்டென்யூவேட்டர்ல பண்ணப் பாத்தா நாப் அடியோட அடியா ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒரு இம்மி திருப்பினா எங்கயோ போயிடும். ரெண்டை வரிசையா போடுங்க, முதல்ல பத்துல ஒரு பங்கு, அடுத்ததுல பன்னிரண்டுல ஒரு பங்கு, 83 மில்லிவோல்ட் வந்துடும், ரெண்டு நாப்பும் கைக்கு அடங்கின இடத்துல இருக்கும். அட்டென்யூவேட்டர் அட்டென்யூவேட்டர்னு மேல அலறினது இதுக்குத் தான். இறக்கினப்புறம் எல்எஃப்ஓ பாதி நெகட்டிவ்ல பாதி பாசிட்டிவ்ல ஆடினாலும் பரவால்ல, மைனஸ் 40 ப்ளஸ் 40, அப்ப ரெண்டு பக்க எல்லையையும் கணக்குல எடுக்கணும், அவ்வளவு தான். ரெண்டாவது சிக்கல், நோட்டு ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே எல்லை தாண்டினா நடுவுல பட்டுனு தாவும், எல்லைலயே நின்னா படபடன்னு துடிக்கும். குவாண்டைசருக்கு ட்ரிக்கர் இன்புட் இருந்தா அதுல க்ளாக்கைக் குடுத்துடுங்க, ஸ்டெப் மாறும்போது மட்டும் தான் முடிவெடுக்கும். ட்ரிக்கர் இன்புட் இல்லேன்னா முன்னாடி ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்ட் (பல்ஸ் வரும்போது இருக்கிற வோல்டேஜைப் பிடிச்சு அப்படியே வச்சிருக்கிற மாட்யூல்).

க்ளாக்கோட வம்பு பண்றது

1960கள் கடைசில வந்த மோக் 960 சீக்வென்சர்லயே இது இருந்துச்சு. எட்டு ஸ்டெப், மூணு வரிசை, மூணாவது வரிசையை ஒரு ஸ்விட்ச் போட்டு நேரத்துக்குத் திருப்பி விடலாம், அப்ப ஒவ்வொரு ஸ்டெப்பும் எவ்வளவு நேரம் நிக்கணும்னு அந்த நாப் முடிவு பண்ணும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கீழ ஸ்கிப், நார்மல், ஸ்டாப்னு மூணு நிலை ஸ்விட்சும் உண்டு. கூட 962ங்கிற ஸ்விட்ச் மாட்யூலைப் போட்டா மூணு வரிசையையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா 24 ஸ்டெப்பா ஓட்டலாம். இன்னிக்கு நம்ம பண்ற பாதி தந்திரம் அந்த ரெண்டு மாட்யூல்லயே இருந்திருக்கு. உங்க சீக்வென்சர் க்ளாக்குக்கு சிவி (கண்ட்ரோல் வோல்டேஜ்) இன்புட் இருந்தா ரெண்டாவது வரிசையை அட்டென்யூவேட் பண்ணி அதுல குடுத்துப் பாருங்க, கம்மியா குடுத்தா ஸ்விங், அதிகமா குடுத்தா ஒரு ஸ்டெப் இழுத்துப் பிடிச்சு நிக்கும், ரெண்டு ஸ்டெப் ஓடிப்போயிடும்.

ரேண்டம் வேணும்னா அதைப் பிட்ச்ல போடாம இங்க போடுங்க. பெர்னூலி கேட்னு ஒரு மாட்யூல் இருக்கு, மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட பிராஞ்சஸ் அந்த ரகம், உள்ள வர்ற ஒவ்வொரு ட்ரிக்கருக்கும் காசு சுண்டி போட்டுப் பாத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்பும், எந்தப் பக்கம் எவ்வளவு சாயணும்னு நாப்ல வைக்கலாம். என்வலப்புக்கு (நோட்டோட சத்தம் எப்படி ஏறி அடங்கணும்னு சொல்றது) போற கேட்ல இதைப் போட்டா அங்கங்க ஒரு நோட்டு விழாம போகும், அவ்வளவு தான், பேட்டர்ன் இருந்த இடத்துலயே இருக்கும். ரெண்டாவது சீக்வென்சரோட க்ளாக்ல போட்டீங்கன்னா கதையே வேற. தவறுற ஒவ்வொரு க்ளாக்குக்கும் அது ஒரு ஸ்டெப் பின்தங்கிடும், தானா திரும்ப வராது. அஞ்சு சதவீதம் தவறுற மாதிரி வச்சு, 128 க்ளாக்குக்கு ஒரு தடவை டிவைடர்ல இருந்து ரீசெட் குடுங்க. சராசரியா ஆறேழு தடவை வழுக்கும், ரெண்டும் சேந்து கிளம்பி, மெல்ல கலைஞ்சு, 16 விநாடில டக்குனு ஒண்ணு சேரும். அந்த ஒண்ணு சேர்ற இடம் இல்லேன்னா இந்த பேட்ச் வெறும் குப்பை, ரீசெட்டை மறந்துடாதீங்க.

லாஜிக் மாட்யூல் இருந்தா ஆண்ட் கேட்டை (எல்லா இன்புட்டும் ஒரே நேரத்துல ஆன் ஆனா மட்டும் வெளிய அனுப்புறது) அபூர்வமான விஷயம் நடத்தறதுக்குப் பயன்படுத்துங்க. எட்டு ஸ்டெப் வரிசையோட மூணாவது கேட்டையும் ஏழு ஸ்டெப் வரிசையோட அஞ்சாவது கேட்டையும் ஆண்ட்ல குடுத்தா 56 ஸ்டெப்புக்கு சரியா ஒரே ஒரு தடவை தான் ட்ரிக்கர் வரும். அஞ்சு ஸ்டெப் வரிசைல இருந்தும் ஒரு கேட் சேத்தா 280க்கு ஒண்ணு, மேல சொன்ன வேகத்துல 35 விநாடி. அந்த ட்ரிக்கரை வச்சு தூக்கி இறக்குற சீக்வென்சரை நகர்த்துங்க, இல்லேன்னா ஒரு மணிச் சத்தம் அடிங்க. எக்ஸ்ஓஆர் வேற மாதிரி, ரெண்டு இன்புட்ல ஒண்ணு மட்டும் ஆன்ல இருந்தா தான் வெளிய அனுப்பும், மூணால வகுத்த க்ளாக்கையும் நாலால வகுத்ததையும் குடுத்தா 12 ஸ்டெப்புக்கு ஒரு கோணலான ரிதம் கிடைக்கும், பெர்கஷனுக்கு நல்லா இருக்கும்.

நோட்டைத் தொடாம மாத்துறது

நிறைய பேர் பிட்ச்சையே குடைஞ்சுக்கிட்டு இருப்பாங்க, ஆனா கேக்கிறவங்களுக்கு முதல்ல தெரியுறது என்வலப்போட நீளம் தான். அதே எட்டு நோட்டு, டிகே (நோட்டு அடங்க எடுக்கிற நேரம்) 60 மில்லிசெகண்ட்ல டிக் டிக்னு இருக்கும், 800க்குப் போனா ஒண்ணு மேல ஒண்ணு வழிஞ்சு கார்டு மாதிரி ஆயிடும். ஒரு எல்எஃப்ஓவை டிகேக்கும் இன்னொண்ணை ஃபில்டருக்கும் குடுங்க, ஒண்ணு 47 விநாடி இன்னொண்ணு 70 விநாடின்னு ஒட்டாத வேகமா இருக்கட்டும், ரெண்டும் ஒரே நேரத்துல உச்சிக்குப் போறது அபூர்வமா நடக்கும், அப்ப வர்ற சத்தத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும். அனலாக் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் கையில இருந்தா அதுவும் நல்ல சரக்கு, இப்ப வந்த நோட்டு ஒரு விசிஓவுக்கு, அதுக்கு முந்தினது இன்னொண்ணுக்கு, அதுக்கும் முந்தினது மூணாவதுக்கு, ஒரே வரி தன் வாலைத் தானே துரத்தும்.

இதெல்லாம் தனித்தனியா கட்ட பொறுமை இல்லேன்னா டூரிங் மெஷின்னு மியூசிக் திங் மாட்யூலரோட டாம் விட்வெல் 2012ல வெளியிட்ட மாட்யூல் ஒண்ணு இருக்கு. பெரிய நாப் நடுவுல இருந்தா முழு ரேண்டம், வலது ஓரத்துல பூட்டிக்கும், அந்த ஓரத்துல இருந்து ஒரு நூல் தள்ளி வச்சா பேட்டர்ன் ஓடிக்கிட்டே எப்பவாவது ஒரு நோட்டு மாறும். அருமையான டிசைன் தான், ஆனா எந்த நோட்டு மாறணும்னு நீங்க சொல்ல முடியாது, அதனால விளிம்பு டெக்னிக்கைத் தான் நான் முதல்ல எடுப்பேன்.

கைன்னு ஒண்ணு இருக்கு

எல்லாத்தையும் மாட்யூலே பண்ணணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. 1970கள்ல டேஞ்சரின் ட்ரீம் குழுல கிறிஸ்டோஃபர் ஃபிராங்கே மோக் சீக்வென்சரை மேடைலயே ஓட விட்டு, ஓடும்போதே கையால நாப்பைத் திருப்பி மாத்துவார், அந்த ஸ்டைலுக்கே அது தான் அடையாளம். நீங்க கடைப்பிடிக்கிறதுக்கு ஒரே ஒரு விதி சொல்றேன். நாலு சுத்துக்கு ஒரு நாப், ஒரு தடவைக்கு ஒண்ணு தான். அடுத்ததா வரப்போற ஸ்டெப்பைத் தொடாம, இப்பத்தான் தாண்டிப் போன ஸ்டெப்போட நாப்பைத் திருப்புங்க, அது மறுபடி வர்றதுக்குள்ள திருப்பி முடிச்சிடலாம், வழுக்கல் சத்தம் வெளிய கேக்காது. திருப்பினது பிடிக்கலைன்னாலும் உடனே திருப்பி வைக்காதீங்க, நாலு சுத்து விடுங்க, பாதி நேரம் பிடிச்சிடும்.

பேட்ச் பண்ணும்போது எதை எப்ப சேக்கிறதுங்கிறதுக்கு நான் போற வரிசை இது: அசையாத பேட்டர்ன், அப்புறம் டிகேக்கு எல்எஃப்ஓ, அப்புறம் கேட் வரிசையோட நீளம், அப்புறம் விளிம்பு, கடைசியா தூக்கி இறக்குறது. பெர்னூலி வேணும்னா அதுக்கும் அப்புறம். ஒவ்வொண்ணும் சேத்ததும் ரெண்டு நிமிஷம் கேளுங்க, முன்னாடி இருந்ததை விட மோசமா இருந்தா கேபிளைப் பிடுங்கிடுங்க, எவ்வளவு யோசிச்சுக் கட்டினதா இருந்தாலும் சரி. மொத்தமா சேத்துட்டு எது கெடுக்குதுன்னு தேடுறது பெரிய தலைவலி.

ரெக்கார்ட் பண்றப்ப க்ளாக் பல்ஸையும் தனி ட்ராக்ல பதிஞ்சு வைங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல எதையாவது சேத்து ஓட்டணும்னா க்ரிட் கிடைக்கும். இருபது நிமிஷம் ஓட விட்டுட்டு அதுல நல்ல நாலு நிமிஷத்தை வெட்டி எடுங்க. முடிவு வேணும்னா ஃபேட் பண்றதுக்குப் பதிலா சேத்த கேபிளை எல்லாம் சேத்த வரிசைக்கு நேர் தலைகீழா ஒண்ணொண்ணா பிடுங்கிக்கிட்டே வாங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நாலு சுத்து விட்டு, கடைசில கேட்டை நிறுத்தி ரிவெர்ப் அடங்குற வரைக்கும் ரெக்கார்டரை ஆஃப் பண்ணாதீங்க.